மீனுக்கு வெள்ளைச் சாஸ்: நம் கைக்குத் தெரிந்த பாடம்தான்



சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யும் குழுக்களுக்காக இந்த இதழில் ஒரு சமையல் பாடம். சமையலில் உங்களுக்கு நாங்கள் என்ன பாடம் நடத்துவது என்று சிரிக்காதீர்கள். இந்தப் பாடத்தில் பாதியை உங்களில் ஒருவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதை அப்படியே எழுதுகிறோம்.

ஒரு வார்த்தையால் போன ஆர்டர்

நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்துக்குப் போனாலும் பல மாநிலத்துக் குடும்பங்களைப் பார்க்கலாம். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்தே பல ஊர்க்காரர்கள் வேலைக்கு வந்து குடியேறிய இடம் இது. 1962-ல் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதைச் சோவியத் நாட்டு உதவியோடு கட்டினார்கள். ஊர் பலவிதம் என்றால் நாக்கும் பலவிதம். பணி ஓய்வு விழா, பிறந்தநாள், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்தால் விருந்து என்று இங்கே சமையல் ஆர்டருக்குக் குறைவில்லை.

நகரியத்தை ஒட்டியுள்ள ஒரு கிராமத்துக் குழு இப்படி ஆர்டர் எடுத்துச் செய்கிறது. ஐந்து பேர். அவர்களில் மூன்று குடும்பத்தின் நிலம் சுரங்கத்துக்குப் போனது. மல்லாட்டையும் முந்திரியும் விளைந்த கொல்லை இப்போது இல்லை. "நிலம் போச்சு. கையில இருக்கிறது இந்தக் கரண்டிதான் மேடம்" என்று அவர்களில் ஒரு அக்கா சொல்வார்.

அவர்களுக்கு ஒரு பணி ஓய்வு விழாவுக்கு 20 பேர் சாப்பாட்டு ஆர்டர் வந்தது. பட்டியலில் பிரியாணி, தயிர்ப் பச்சடி, பாயசம் எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு வரி: "வெள்ளை சாஸோடு மீன்." அதைப் பார்த்ததும் கை உதறிவிட்டது. "அதெல்லாம் ஓட்டல்காரங்க செய்யறது, எங்களுக்கு வராதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டு அம்மா, பாவம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்தால்தான் வசதி என்று முழு ஆர்டரையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு பண்டத்துக்குப் பயந்ததில் பிரியாணியும் போனது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத்தான் பேசினோம். தீர்மான நோட்டிலும் எழுதினோம்: அந்தச் சாஸை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

பாடம் நடத்தப் போய்ப் பாடம் கற்ற கதை

பால், வெண்ணெய், மைதா, கிரீம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு மதியம் போனோம். புத்தகத்தில் படித்த செய்முறையை நோட்டில் எழுதி வைத்திருந்தோம். சாஸும் நன்றாகத்தான் வந்தது. கடைசியில் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டிருக்க, சாஸ் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க, நாங்கள் சாற்றைப் பிழிந்துவிட்டோம். அவ்வளவுதான். வழவழவென்று இருந்தது பொறிப்பொறியாகத் திரிந்து, தண்ணீர் தனியாக, கொழுப்பு தனியாக நின்றது.

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த அக்காதான் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தேங்காய்ப்பால்ல தலைப்பாலை ஊத்தினப்புறம் கொதிக்க விடுவோமா? எறக்கி வச்சுட்டுத்தானே எலுமிச்சம்பழம் பிழியுறோம். இதுவும் அதே கதைதான் மேடம்."

உண்மைதான், அதே கதைதான். இந்தச் சாஸில் இருக்கிற வித்தை மொத்தம் மூன்று. மூன்றும் நம் அடுப்பில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஒன்று, கூழ். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் காய்ச்சும்போது கேழ்வரகு மாவை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவோமா? கொட்டினால் கட்டி தட்டிவிடும். மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து உறை போட்டுக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போகாது. அதனால்தான் முதலில் மாவைத் தண்ணீரில் கரைத்துக்கொள்கிறோம். வெள்ளைச் சாஸில் தண்ணீருக்குப் பதில் வெண்ணெயில் மாவைக் கலக்கிறோம். ஒவ்வொரு துளி மாவையும் கொழுப்பு சூழ்ந்துகொள்வதால் ஒன்றோடொன்று ஒட்டாது.

இரண்டு, மோர்க்குழம்பு. வெறும் மோரை அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும். பச்சரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து அரைத்து ஊற்றினால் திரியாமல் நிற்கும். மாவுச்சத்து கெட்டியாகி, பாலில் இருக்கும் புரதத்தைச் சுலபமாக ஒன்றுசேர விடாமல் தாங்கிப் பிடிக்கிறது. சாஸில் மைதா செய்கிற வேலையும் இதுதான்.

மூன்று, தலைப்பால். கொழுப்பு நிறைந்ததைக் கடைசியில் சேர்க்க வேண்டும், சேர்த்தபிறகு கொதிக்க விடக் கூடாது, புளிப்பை இறக்கி வைத்துத்தான் பிழிய வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சாஸுக்கு 'பெஷமெல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 300 ஆண்டுகளுக்கு முன் பிரான்சை ஆண்ட பதினான்காம் லூயி மன்னரிடம் வேலை பார்த்த ஓர் அதிகாரியின் பெயரிலிருந்து வந்தது அது. பெயர் அரண்மனைப் பெயராக இருக்கலாம். உள்ளே இருப்பது நம் கூழும் மோர்க்குழம்பும் தலைப்பாலும்தான்.

தேவையானவை (10 பேருக்கு)

பால் – அரை லிட்டர் (கொழுப்பு நிறைந்த பால் நல்லது)
வெண்ணெய் – 30 கிராம் (2 மேசைக்கரண்டி)
மைதா – 30 கிராம் (தலை தட்டி 4 மேசைக்கரண்டி)
பிரெஷ் கிரீம் – 100 மில்லி
சின்ன வெங்காயம் – 4, பிரிஞ்சி இலை – 1, முழு மிளகு – 10
எலுமிச்சைச் சாறு – 2 தேக்கரண்டி
மிளகுத்தூள், உப்பு – அளவாக
பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தழை – ஒரு பிடி

மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வெண்ணெயும் மைதாவும் சம எடை. 20 பேருக்கு எல்லாவற்றையும் இரண்டு மடங்கு ஆக்குங்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் பிரெஷ் கிரீமில் கொழுப்பு சுமார் 25 சதவீதம் இருக்கும். அது கிடைக்காவிட்டால் வீட்டுப் பாலாடையை எடுத்து, கட்டி இல்லாமல் நன்றாக அடித்துக்கொள்ளலாம். ஆனால் நாலைந்து நாள் சேர்த்து வைத்த பாலாடை வேண்டாம். அதில் புளிப்பு ஏறியிருக்கும், சாஸ் திரிந்துவிடும்.

செய்முறை

1. பாலில் வெங்காயம், பிரிஞ்சி இலை, மிளகு போட்டுக் காய்ச்சுங்கள். பொங்கி வரும்போது இறக்கி, பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். வாசனை பாலில் இறங்கியிருக்கும்.

2. அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வெண்ணெயை உருக்குங்கள். நிறம் மாறக் கூடாது. மைதாவைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவு வாசனை போக வேண்டும், வெள்ளை நிறம் போகக் கூடாது.

3. பாத்திரத்தை இறக்கி வைத்து, வெதுவெதுப்பான பாலை முதலில் அரை டம்ளர் மட்டும் ஊற்றி, பசை போல வரும்வரை கலக்குங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீதிப் பால். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும்.

4. மறுபடி அடுப்பில் ஏற்றிச் சிறு தீயில் ஆறேழு நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியின் பின்பக்கத்தை நனைத்து எடுத்து, விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி.

5. தீயை நன்றாகக் குறைத்து கிரீம், உப்பு, மிளகுத்தூள் சேருங்கள். சூடு ஏறினால் போதும், தளதளவென்று கொதிக்க விடாதீர்கள்.

6. அடுப்பை அணைத்து, இறக்கி வைத்து, ஒரு நிமிடம் கழித்து எலுமிச்சைச் சாறு, கடைசியில் கொத்தமல்லி.

கட்டி தட்டிவிட்டால் மெல்லிய வடிகட்டியில் தேய்த்து வடிகட்டுங்கள். கெட்டியாகிவிட்டால் சூடான பால் கொஞ்சம் விட்டுத் தளர்த்துங்கள். நீர்த்துவிட்டால், கிரீம் சேர்ப்பதற்கு முன்பே, இன்னும் கொஞ்சம் கொதிக்க விடுங்கள். சூடு அதிகமாகிக் கொழுப்பு பிரியத் தொடங்கினால் உடனே இறக்கி, குளிர்ந்த பால் ஒரு கரண்டி விட்டு வேகமாக அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும். ஆனால் எங்களுக்கு நடந்தது போலப் புளிப்பில் முழுசாகத் திரிந்துவிட்டால் அதைத் தேற்ற முடியாது. புதிதாகச் செய்யுங்கள். அந்தச் செலவு ஆர்டர் போவதைவிடக் குறைவுதான்.

முந்திரியிலும் செய்யலாம்

பண்ருட்டி முந்திரி நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. முழு முந்திரி விலை அதிகம். உடைந்த முந்திரி வாங்கினால் போதும். 75 கிராம் உடைந்த முந்திரியை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, வெண்ணெய் போல மைய அரைத்து, அரை லிட்டர் பாலில் கரைத்துச் சிறு தீயில் காய்ச்சினால் மைதாவும் கிரீமும் இல்லாமலே சாஸ் கெட்டிப்படும். சீக்கிரம் அடிப்பிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள். ஒன்றை மறக்காதீர்கள். சிலருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. அரிப்பு, மூச்சுத்திணறல்வரை போகும். சாஸில் முந்திரி சேர்ந்திருக்கிறது என்று விருந்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த மீன், எப்படி?

இந்தச் சாஸ் சாதுவானது. காரமசாலா தடவி வறுத்த மீனுக்கு மேல் ஊற்றினால் இரண்டும் கெடும். முள் குறைந்த, வெள்ளைச் சதை மீன்தான் பொருத்தம்: கொடுவா, வஞ்சிரம், வவ்வால். நன்னீர் மீனில் விரால். மத்தி, கானாங்கெளுத்தி இரண்டும் எண்ணெய்ச் சத்து நிறைந்த நல்ல மீன்கள். ஆனால் அவற்றின் தூக்கலான ருசிக்குப் புளிக்குழம்புதான் ஜோடி.

துண்டுகளில் உப்பு, மிளகுத்தூள், துளி எலுமிச்சை மட்டும் தடவி, கால் மணி நேரம் கழித்துத் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். இல்லாவிட்டால் வாழையிலையில் வைத்து இட்லிப் பானையில் எட்டுப் பத்து நிமிடம் அவியுங்கள். சதை முள்ளைவிட்டுச் சுலபமாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. வாட்டிய மீன் என்றால் சாஸைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முன்கூட்டியே ஊற்றினால் மீன் ஊறிப் போகும்.

தலையையும் நடுமுள்ளையும் எறியாதீர்கள். தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றைப் பாலில் பாதிக்குப் பதிலாகச் சேர்த்தால் சாஸுக்கு மீன் ருசி வரும். அதற்குமேல் கொதிக்கவிட்டால் கசக்கும்.

உயிரோடு விளையாடக் கூடாது

பாலும் மீனும் சீக்கிரம் கெடும் பொருள்கள். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம் கெடும். ஒரு வீட்டு விருந்தில் ஒரு குழந்தைக்கு வாந்தி பேதி என்றால், அந்தக் குடும்பத்துக்குத் துன்பம். நம் குழுவுக்கும் அத்தோடு பெயர் போய்விடும். அதனால்:

மீன் கடலூர் முதுநகரிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ வந்திருக்கும். வாங்கும்போது கண் பளபளவென்று புடைத்திருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். வாங்கியவுடன் மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது.

சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் கிருமி வளரும். நம்மிடம் வெப்பமானி இருக்காது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: நாலாவது படிவரை வீட்டில் செய்து, சூடாகவே ஹாட்கேஸில் எடுத்துப் போங்கள். விருந்து வீட்டில் மறுபடி நன்றாகக் கொதிக்கவையுங்கள். பரிமாறும் முன் அங்கேயே கிரீமும் எலுமிச்சையும் சேருங்கள். கிரீம் பெட்டியை ஐஸோடு கொண்டுபோங்கள்.

பரிமாறி இரண்டு மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

இன்னொன்று. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமைத்து விற்கும் சிறு குழுவும் அதன்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்யாத குழுக்கள் ஊக்குநர் மூலம் எங்களிடம் பேசுங்கள்.

நம் கூலிக்கு யார் விலை போடுவது?

சாஸ் கற்றுக்கொண்ட ஒரு மாதத்தில் அதே குழுவுக்கு மறுபடி 20 பேருக்கு ஆர்டர் வந்தது. இந்தத் தடவை "செய்கிறோம்" என்றார்கள். மீன் தட்டு ஒன்று 130 ரூபாய் என்று சொல்லலாம் என்று இருந்தார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். விலைகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். உங்கள் ஊர் விலையை வைத்து இதே மாதிரி போட்டுப் பாருங்கள்.

கொடுவா மூன்றரை கிலோ, கிலோ 500 வீதம் – 1,750
பால் 1 லிட்டர் – 60
வெண்ணெய் – 40
மைதா – 5
கிரீம் – 70
எண்ணெய், எலுமிச்சை, மிளகு, வெங்காயம், தழை – 125
கேஸ் – 100
ஐஸ், ஆட்டோ – 250
மொத்தம் – 2,400 ரூபாய்

மூன்றரை கிலோ மீனில் தலை, குடல், செதில் போக இரண்டரை கிலோதான் தேறும். 120 கிராமில் 20 துண்டு வரும். ஆக, தட்டுக்கு 120 ரூபாய் அடக்கம். 130-க்குக் கொடுத்தால் தட்டுக்குப் பத்து ரூபாய் லாபம் என்று நினைத்தார்கள். மொத்தம் 200 ரூபாய். மூன்று பேர் அரை நாள் நின்று செய்த வேலை அது. ஆளுக்கு 66 ரூபாய். களை எடுக்கப் போனால்கூட இதைவிட அதிகம் கிடைக்கும்.

நம் பெண்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். வீட்டில் கூலி இல்லாமல் சமைத்துச் சமைத்து, சமையலுக்குக் கூலி உண்டு என்பதே நமக்கு மறந்துவிட்டது. மீனுக்கு விலை போடுகிறோம், மைதாவுக்கு ஐந்து ரூபாயைக்கூட விடாமல் எழுதுகிறோம், நம் கையை மட்டும் எழுதுவதில்லை.

மூன்று பேருக்கு அரை நாள் கூலி ஆளுக்கு 300 வீதம் 900. ஆக 3,300. பாத்திரத் தேய்மானத்துக்கும் குழு நிதிக்கும் பத்தில் ஒரு பங்கு, 330. மொத்தம் 3,630. தட்டுக்கு 181 ரூபாய் 50 காசு. 185 என்று சொல்லிவிடுங்கள் என்றோம்.

"இவ்வளவு கேட்டா ஆர்டர் போயிடுமே மேடம்" என்று பயந்தார்கள். எங்களுக்கும் உள்ளுக்குள் பயம்தான். அந்த வீட்டு அம்மா பேரம் பேசினார். 180-க்கு முடிந்தது. 3,600 ரூபாய் வந்தது. செலவு 2,400, கூலி 900, குழு நிதிக்கு 300.

அன்றைக்கு ஒரு சொம்பு சாஸ் மிச்சமானது. அதைக் கொட்டும்போது அந்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பாலும் கிரீமும் போட்ட பண்டம் அல்லவா? இரண்டு தரம் முகர்ந்து பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் நேரம் தாண்டிவிட்டது என்று கொட்டிவிட்டார். அடுத்த தடவை அளவைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது கடல் மீன் விலை ஏறிவிடும். அந்த மாதங்களுக்கு மார்ச்சிலேயே விலை பேசி முன்பணம் வாங்கிவிடாதீர்கள். "அன்றைய மீன் விலைப்படி" என்று சொல்லுங்கள், இல்லையென்றால் விரால் போன்ற ஏரி, குளத்து மீனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. "எங்களுக்கு வராது" என்று சொல்லி நம் குழு விட்ட வேலை எது? உண்மையிலேயே வராதா, பெயர் புதுசாக இருந்ததால் பயந்தோமா?

2. கடைசியாக நாம் செய்த ஆர்டரில் ஆளுக்கு எவ்வளவு கூலி நின்றது? கணக்குப் போட்டு நோட்டில் எழுதுங்கள்.

3. மிச்சமான உணவை என்ன செய்கிறோம்? யார் நேரம் பார்க்கிறார்கள்?

4. மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து 10 பேர் அளவில் இந்தச் சாஸைச் செய்து பாருங்கள். முதல் தடவை திரிந்தால் கவலை வேண்டாம். எங்களுக்கும் திரிந்ததுதான்.

செய்து பார்த்த குழுக்கள் அனுபவத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். உங்கள் கைப்பக்குவத்தில் ஏதாவது புதிதாகச் சேர்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த இதழில் போடுவோம்.